தரையில் தண்ணீர் நிற்கும் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர்: வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன்னால்

கூரையை மடக்கிப் போடும் பழைய காரை வாங்கியவர்கள் முதல் மழையிலேயே கேட்பது, தண்ணீர் எங்கே நுழைகிறது, எதைப் போட்டு அடைக்கலாம் என்றுதான். கேள்வியே பாதி தப்பு. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை கட்டிய எம்.ஜி.பி. ரோட்ஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சொட்டுத் தண்ணீர் நுழையாது என்று அதைக் கட்டியவர்களே நம்பியிருக்க மாட்டார்கள். நுழைகிற தண்ணீர் வெளியேற அங்கங்கே வழி வைத்தார்கள்: கதவின் அடியில், கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுப் பெட்டியில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டியின் கீழ் விளிம்பில், கால் வைக்கும் தரையில். நாற்பது ஐம்பது வருடத்தில் அந்த வழிகளில் இலை விழுந்து, சேறு அடைந்து, போதாக்குறைக்கு ஒவ்வொரு சொந்தக்காரரும் மேலே தார் பூசி மூடியிருப்பார். தரை ஓட்டையாவது அதனால்தான். ஆகவே தண்ணீருக்கு வழி விடுவது முதல் வேலை, துருவை வெட்டுவது இரண்டாவது. வரிசை மாறினால் புதுத் தகட்டின் மேல் அதே குளம் அடுத்த குளிர்காலமே நிற்கும்.

எம்.ஜி.பி.யை வைத்துச் சொல்வதற்குக் காரணம், இந்த வகைக் கார்களில் எளிதாகக் கிடைப்பது அதுதான், எல்லாத் தகடும் இன்றும் புதிதாக வாங்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988-இல் பழைய அச்சுகளையே வைத்து முழு பாடியையே மறுபடி அடிக்கத் தொடங்கியது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோ ஆல்ஃபா ஸ்பைடரோ வைத்திருப்பவர்களுக்கு ஓட்டைகள் இருக்கும் இடம் மாறும், வேலையின் போக்கு மாறாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது புரியாமல் தகட்டை வெட்டக் கூடாது. இதற்கு முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வுக்குத் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) உண்டு, பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். எம்.ஜி.பி.யில் சட்டம் கிடையாது. பாடிதான் சட்டம். மேலே கூரையும் இல்லாததால் காரை நடுவில் வளையாமல் பிடிப்பது கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில் பெட்டிகளும், நடுவில் கியர்பாக்ஸ் போகும் சுரங்கமும், இவற்றை இணைக்கும் தரைத்தகடும்தான். தரையோரம் துருப்பிடித்தால் செருப்பு நனையும் என்பதோடு போகாது, கார் நடுவில் தொய்ய ஆரம்பிக்கும்.

முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றுங்கள்

கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து 'பரவாயில்லை' என்று முடிவு செய்வது வேலைக்காகாது. இரண்டு சீட்டையும் வெளியே எடுக்க வேண்டும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகள் தரைக்கு அடியில் துருவேறிப்போய் இருக்கும், முந்தின நாளே அடிப்பக்கத்திலிருந்து ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள், இல்லாவிட்டால் தலை முறிந்து கையோடு வரும். தண்டவாளத்துக்குக் கீழே மரப்பட்டைகள் வைத்திருப்பார்கள். அவை நனைந்தால் காயவே காயாது, சரியாக அந்த நீளத்துக்குத் தரையில் துருக்கோடு விழுந்திருக்கும். மறுபடி மாட்டும்போது புது மரத்துக்கு எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துப் போடுங்கள், அல்லது அதே தடிமனில் நைலான் பட்டை வையுங்கள்.

கார்பெட்டுக்குக் கீழே ஃபெல்ட் இருந்தால் யோசிக்காமல் குப்பையில் போடலாம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கையால் அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் கசியும். அதற்கும் கீழே, சத்தம் குறையட்டும் என்று ஒட்டிய தார்ப்பாய்த் துண்டுகள் இருக்கும். அவற்றின் ஓரம் எங்கே தூக்கிக்கொண்டிருக்கிறதோ அங்கே அடியில் துரு இருக்கிறது. சூட்டுத் துப்பாக்கியால் லேசாகச் சூடாக்கி, அகலமான பட்டி தேய்க்கும் தகட்டால் சுரண்டினால் வந்துவிடும். நன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டை எடுக்கத் தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒரு முறை எடுத்துப் பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி.

தரையில் இருக்கும் ஈரம் மழைத் தண்ணீர்தானா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். விரலால் தொட்டு முகர்ந்தாலே தெரியும். இனிப்பு வாசனையோடு பிசுபிசுத்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட். டிரைவர் பக்கம், பெடலுக்கு நேர் கீழே, எண்ணெய் மாதிரி வழவழத்துப் பெயின்ட்டையும் உரித்திருந்தால் அது பிரேக் அல்லது கிளட்ச் ஆயில். அப்படியானால் மழையை விட்டுவிட்டு முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள், அந்தக் காரை அதுவரை ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடுவதால் அந்த இடத்தில் துரு சீக்கிரம் ஏறும் என்பது வேறு விஷயம்.

தண்ணீர் போகும் பாதையைப் பிடிப்பது

சீட்டும் கார்பெட்டும் இல்லாத வெறும் தரையில் செய்தித்தாளை விரித்து, கூரையை மூடி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே தோட்டக் குழாயோடு நிற்க வேண்டும். தண்ணீரை மெதுவாக, கீழிருந்து மேலாகக் கொண்டுபோங்கள்: முதலில் சக்கர வளைவு, அப்புறம் கதவின் அடி, கதவுக் கண்ணாடி, முன்கண்ணாடியின் கீழ் ரப்பர், கடைசியில் கூரைத் துணி முன்சட்டத்தோடு சேரும் மூலைகள். ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் விட்டுப் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடத்திலும் ஈரமாகி எதுவும் புரியாது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அந்த வேகத்துக்கு நல்ல ரப்பரே கசியும்.

சொட்டும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். முன்கண்ணாடியின் அடி ரப்பரில் நுழைந்த தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் போய் எங்கேயோ இறங்கும். சந்தேகமுள்ள தகட்டில் முகப் பவுடரை லேசாகத் தூவிவிட்டால் தண்ணீர் ஓடிய தடம் தெளிவாகத் தெரியும்.

என்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவில் நிற்கும் முன்தடுப்புத் தகட்டில் இருக்கும் ரப்பர் வளையங்களையும் பாருங்கள்: ஸ்பீடாமீட்டர் கேபிள், ஒயர்க் கட்டு, ஸ்டீயரிங் தண்டு நுழையும் இடங்கள். பெடல் பெட்டியின் மூடிக்குக் கீழே இருக்கும் கேஸ்கெட்டும் காய்ந்து சுருங்கியிருக்கும். இவையெல்லாம் சில்லறைக் காசு வேலை. பத்து வளையம் மொத்தமாக வாங்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாம்.

காற்றுப் பெட்டிக் குழாய்: யாரும் பார்க்காத இடம்

முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு காற்றுச் சல்லடை இருக்கிறதல்லவா, அதற்குக் கீழே இருக்கும் பெட்டியை பிளீனம் என்பார்கள். ஹீட்டருக்குக் காற்று அது வழியாகத்தான் போகிறது. காற்று போகும் வழியில் மழையும் இலையும் போகும். உள்ளே விழும் தண்ணீர் வெளியேற ஒரே ஒரு ரப்பர் குழாய்தான். அது கீழே கியர்பாக்ஸ் சுரங்கத்துக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிகிறது. வண்டியை மரத்தடியில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் குழாய் நிச்சயம் அடைத்திருக்கும். பெட்டியில் தண்ணீர் தேங்கி, ஒரு திருப்பத்தில் வண்டியைச் சாய்த்ததும் ஹீட்டர் வழியாகக் காலில் கொட்டும். வெயிலடிக்கும் நாளில் கால் நனைகிறது என்று யாராவது குழம்பினால் முதல் சந்தேகம் இங்கேதான்.

சோதிப்பது எளிது. சல்லடை வழியாக ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். ஊற்றிய வேகத்திலேயே சுரங்கத்துக்கு நேர் கீழே தரையில் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வராமலே இருந்தாலோ மேற்கொண்டு ஊற்றாதீர்கள், அது வண்டிக்குள் வந்துவிடும். வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்திவிட்டு, என்ஜின் ஆறிய பிறகு, கியர்பாக்ஸ் ஓரமாகக் கையை மேலே விட்டால் குழாயின் முனை தட்டுப்படும். நுனி தட்டையாக ஒட்டினாற்போல இருக்கும். அதை இரண்டு விரலால் மேலிருந்து கீழாக அமுக்கிக்கொண்டே வந்தால் முதலில் ஒன்றும் வராது. பிறகு கறுப்பாக, மக்கிய இலையும் மணலுமாக, சாக்கடை நாற்றத்தோடு ஒரு கட்டி நழுவி விழும், பின்னாலேயே முழங்கை வரை தண்ணீர் வழியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். குழாய் விறைத்துப்போய் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். மேலிருந்து கம்பியை விட்டுக் குத்துவதைவிட, ஈரம் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரைச் சல்லடையில் வைத்து இழுப்பது நல்லது, கம்பி பெட்டிக்குள் இருக்கும் பெயின்ட்டைக் கீறிவிடும்.

கதவும் சக்கர வளைவும்

கதவுக் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. எந்தக் காரிலும் போகும். கதவின் அடி விளிம்பில் இருக்கும் சிறு வெட்டுகள் வழியாக அது இறங்க வேண்டும். அவற்றைப் பழைய பிளாஸ்டிக் கேபிள் டையால் நெருடிச் சுத்தம் செய்யுங்கள். கதவின் உட்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்க வேண்டும். யாரோ கண்ணாடி ஏற்றும் மெஷினைப் பழுது பார்த்தபோது கிழித்துப் போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் அட்டை ஊறி, தண்ணீர் சில்லைத் தாண்டிக் கார்பெட்டுக்கு வரும். கதவு ரப்பரை எத்தனை முறை மாற்றினாலும் அந்தத் தண்ணீர் நிற்காது. கெட்டியான பாலித்தீனை வெட்டி, கீழ் ஓரம் கதவின் உள்பக்கம் இறங்குமாறு ஒட்டினால் போதும்.

முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டுக்குள், சேறு தெறிக்காமல் இருக்க ஒரு தடுப்புத் தகடு நிற்கிறது. ஓரத்தில் ரப்பர் பட்டை உண்டு. அந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்ததும் சக்கரம் வீசும் சேறெல்லாம் தகட்டுக்குப் பின்னால் போய், மட்கார்டின் கீழ் மூலைக்கும் சில்லின் முன்முனைக்கும் நடுவில் அடைந்து உட்கார்ந்துவிடும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலைக்கு உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு கலந்த சேறு கோடையிலும் முழுதாகக் காயாது, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எம்.ஜி.பி.யின் முன் மட்கார்டு அடியில் கொப்புளம் கிளம்புவது இதனால்தான், வெளியே பெயின்ட் பார்த்துப் பயனில்லை. தடுப்புத் தகட்டின் திருகுகளைக் கழற்றி (பாதி முறியும், முறியட்டும்), உள்ளே இருப்பதைக் கையால் வாரி எடுத்து, குழாய்த் தண்ணீரில் கீழே தெளிவாக ஓடும் வரை கழுவி, நன்றாகக் காயவிட்டு, புது ரப்பரோடு மாட்டுங்கள். இந்தக் காரில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஒதுக்க முடியும் என்றால் இந்த வேலைக்கு ஒதுக்குங்கள்.

தரை வடிகால்

கால் வைக்கும் இடத்தில் தரைத்தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருக்கும். மூடி இருக்கிற வரை அது வடிகால் இல்லை, வெறும் மூடிதான். தண்ணீர் உள்ளே வந்தால் நீங்களாகக் கழற்றிவிட வேண்டும். ஷெட்டில் நிற்கும் மாதங்களில் நான் கழற்றியே வைத்துவிடுவேன், ஓட்டும் காலத்தில் மாட்டிக்கொள்ளலாம். எலி வரும் ஷெட்டானால் சன்னமான கம்பி வலையை வைத்து மூடுங்கள்.

கூடுதலாக ஓட்டை போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் தரை ஒரு காலத்தில் அடிபட்டுப் பள்ளமாகி, இருக்கும் ஓட்டைக்குத் தண்ணீர் வராத வண்டிகளும் உண்டு. அப்படியென்றால் வண்டியைச் சமதளத்தில் சக்கரத்திலேயே நிறுத்தி, தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி எங்கே போய்த் தேங்குகிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஜாக்கியில் தூக்கிய நிலையில் பார்த்தால் பள்ளம் வேறெங்கோ காட்டும். துளை போடும் முன் அடியில் போய் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், குறுக்குச் சட்டம் எதுவும் அந்த இடத்தில் இல்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். எட்டு மில்லிமீட்டர் போதும். துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, வெறும் இரும்புக்கு ஜிங்க் பிரைமரும் அதன் மேல் பெயின்ட்டும் கொடுத்துக் கடைசியில் துருத்தடுப்பு மெழுகு தடவாமல் விட்டால், வடிகாலுக்கென்று போட்ட துளையே அடுத்த துருவின் ஆரம்பம்.

சில் பெட்டியின் அடி விளிம்பில் இருக்கும் இடைவெளிகளையும் இதே கையோடு பாருங்கள். தார் பூசும்போது இவற்றையும் சேர்த்துப் பூசி மூடியிருப்பார்கள். மெல்லிய கம்பியால் திறந்ததும் உள்ளேயிருந்து துருத்தூள் கலந்த தண்ணீர் கொட்டினால், மன்னிக்கவும், வேலை பெரியது.

எவ்வளவு போயிருக்கிறது?

இப்போதுதான் துருவுக்கு வருகிறோம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டு தகடு சேரும் இடத்தில் அது உள்ளிருந்து ஆப்பு அடிப்பது போலத் தகடுகளைப் பிரிக்கிறது, வெளியே தெரியும் வீக்கம் அதுதான். வெளியில் ஒரு ரூபாய் அளவுக்குத் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்கு இருக்கும் என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

திருப்புளியின் பிடியால் சில்லின் நெடுக, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டிங்' என்று திரும்பப் பேசும். துருப்பிடித்த இடத்தில் சத்தம் மந்தமாகி உள்ளே பொரபொரவென்று ஏதோ உதிர்வது கேட்கும். பட்டி பூசி மறைத்த இடத்திலும் சத்தம் மந்தம்தான், ஆனால் அங்கே காந்தம் ஒட்டாது. மந்தமான இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், நல்ல தகட்டை யாராலும் அப்படிக் குத்த முடியாது.

கதவு இடைவெளியும் நிறையச் சொல்லும். கதவை மூடி, அதன் பின் விளிம்புக்கும் பாடிக்கும் இடையில் மேலேயும் கீழேயும் சந்து ஒரே அளவா என்று பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது அந்தச் சந்து மாறினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ சில்லில் வலு இல்லை என்று அர்த்தம். வாங்கப் போகும் காரில் இதைப் பார்த்தால் விலையைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டுக்குக் கீழே ஒரு மூடி, அதற்குள் பேட்டரி. 1974 வாக்கில் வரைக்கும் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. அதன் பிறகு பன்னிரண்டு வோல்ட் ஒன்று. ஆசிட் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டிகளின் அடி போயிருக்கும், வெறுங்கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டாம், கையுறை போடுங்கள்.

சும்மா தேய்த்தால் போதுமா, வெட்ட வேண்டுமா?

மேலோட்டமான செந்துரு என்றால் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். பளபளக்கும் இரும்பு வரும் வரை தேய்த்து, சின்னச் சின்னக் குழிகளில் மிச்சமிருப்பதற்கு மட்டும் துருமாற்றித் திரவம் தடவுங்கள். டானிக் அமில வகை துருவை நீலக்கறுப்பாக மாற்றும், பாஸ்பாரிக் அமில வகை சாம்பல் நிறப் படலமாக்கும். இரண்டும் இறுகப் பிடித்த மெல்லிய துருவுக்குத்தான். செதில் செதிலாக உரியும் துருவின் மேல் ஊற்றினால் மேல் செதில் மட்டும் கறுப்பாகும், அடியில் அதன் வேலை தடையில்லாமல் நடக்கும். கழிவறை கழுவும் ஆசிட்டைக் கொண்டு துரு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலிருக்கும் குளோரைடு தகட்டு இணைப்புகளுக்குள் தங்கிவிடும், சாலை உப்பை நீங்களே கொண்டுபோய் உள்ளே வைத்த மாதிரிதான்.

குழி ஆழமாகித் தகடு காகிதமாகிவிட்டால் வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஃபைபர் கிளாஸ், அலுமினியத் தகட்டை ரிவெட் அடிப்பது, துருப்பிடித்த சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி மூடுவது, இதெல்லாம் காரை விற்பவர் செய்யும் வேலை, வைத்துக்கொள்பவர் செய்யும் வேலை இல்லை. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்ற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எம்.ஜி.பி. எல்லாமே அந்த வயதைத் தாண்டிவிட்டன. சோதனை இல்லை என்றால் அடியில் குனிந்து பார்ப்பவர் யாரும் இல்லை என்று அர்த்தம், எனவே விரும்பியாவது வருடம் ஒரு முறை சோதனைக்குக் கொடுப்பது நல்லது.

வெல்டிங் தெரியாதவர்கள் இந்தக் காரின் சில்லில் கற்றுக்கொள்ள வேண்டாம். தெரிந்தவர்களுக்குச் சில விஷயங்கள் மட்டும். கதவுத் திறப்பின் குறுக்கே, முன் தூணிலிருந்து பின் தூணுக்கு ஒரு இரும்புச் சட்டத்தை இறுக்கிப் பிடித்த பிறகுதான் முதல் வெட்டு. ஒரு பக்கம் முழுதாக முடிந்து ஆறிய பிறகே மறுபக்கம். கதவை அடிக்கடி மாட்டிச் சந்தைச் சரிபார்த்துக்கொண்டே போக வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டியவர்களின் கார்களில் கதவு கடைசி வரை சரியாக மூடாது. சில் பெட்டி மட்கார்டுகளுக்கு அடியிலும் கொஞ்சம் தூரம் போகிறது. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது என்பதால் கழற்றிவிடலாம், பின்னது வெல்டிங்கில் நிற்பது, கீழ் மூலையை வெட்டித்தான் உள்ளே போக முடியும். வெளியே தெரியும் நீளத்துக்கு மட்டும் சில் மாற்றியிருந்தால் அது பாதி வேலை.

தரைக்கு 1.2 மில்லிமீட்டர் தகடு, 0.6 மில்லிமீட்டர் வெல்டிங் ஒயர். துருப்பிடித்த இடத்தைத் தாண்டி முழு ஆரோக்கியமான இரும்பு வரும் வரை வெட்டி, அட்டையில் மாதிரி எடுத்து, பிறகு தகடு வெட்டுங்கள். ஒரே மூச்சில் நீளமாக இழுக்காமல் அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனால் தகடு கோணாது. பேட்டரியைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் ஒயரையும் கழற்றுங்கள். பின்பக்கம் வேலை என்றால் பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே கொண்டுபோய் வையுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், மறுபக்கம் தார் புகைகிறதா என்று பார்க்க ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. ஜிங்க் பூசிய தகட்டில் வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், ஷெட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கான முகமூடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பூச்சு, மெழுகு

வெறும் தகட்டில் முதலில் எபாக்சி பிரைமர், அது காய்ந்த பிறகே இணைப்புகளில் சீலர், அதன் மேல் பெயின்ட். சீலரை வெறும் இரும்பின் மேல் அடித்தால் அதற்கு அடியில் துரு குடும்பம் நடத்தும். வெளியே அடிப்பகுதிக்குக் கெட்டித் தார் அடிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அது காய்ந்து வெடித்து, வெடிப்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே பார்க்க மட்டும் கறுப்பாக அழகாக இருக்கும். எனக்குப் பிடித்தது மெழுகுதான், வாக்ஸாயிலோ டினிட்ராலோ எந்த பிராண்டானாலும் சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியும், உரிந்த இடத்தில் மறுபடி தடவவும் முடியும்.

சில் பெட்டிக்குள் அடிப்பதற்கு எல்லாப் பக்கமும் பீய்ச்சும் நுனி வைத்த நீளக் குழாய் வேண்டும். வெயிலடிக்கும் நாளாகப் பாருங்கள், மெழுகு டப்பாவைச் சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்தால் இளகி நன்றாகப் பரவும். பெட்டி உள்ளே ஈரமில்லாமல் இருக்க வேண்டும், சில நாள் ஃபேன் வைத்துக் காற்று விடுங்கள். வடிகால் இடைவெளி வழியாக மெழுகு கீழே சொட்டத் தொடங்கினால் எல்லா இடத்துக்கும் போய்விட்டது என்று தெரிந்துகொள்ளலாம். கீழே பழைய அட்டை விரித்து வையுங்கள், தரையில் விழுந்தால் போகவே போகாது. சொட்டு நின்றதும், மெழுகு இறுகுமுன், அத்தனை வடிகாலிலும் ஒரு முறை கம்பி விட்டு எடுத்துவிடுங்கள். இத்தனை பாடுபட்டுத் திறந்த ஓட்டையை மெழுகால் அடைத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

கார்பெட்டைத் திரும்பப் போடும்போது ஃபெல்ட்டுக்குப் பதில் தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் நுரைத் தாள் போடுங்கள், தரைக்கார்பெட்டைப் பசை வைத்து ஒட்டாமல் பட்டன் வைத்து மாட்டுங்கள். மழையில் நனைந்து வந்த அன்று ராத்திரியே கழற்றிக் காயப்போட அதுதான் வசதி. கூரைத் துணியையும் ஈரத்தோடு மடக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும், பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலும் மங்கிவிடும்.

குளிர்காலத்தில் காரை ஷெட்டில் வைப்பவர்கள் மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்த வேண்டாம், மூச்சு விடும் துணிப் போர்வைதான் வேண்டும். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குவதாக இருந்தால் குளிரிலும் வேலை செய்யும் உலர்பொருள் வகையைப் பாருங்கள், கம்ப்ரசர் வகை குளிர்ந்த ஷெட்டில் திணறும். உப்புச் சாலையில் ஓட்டிவிட்டு வந்து சூடான ஷெட்டில் அப்படியே நிறுத்துவது எல்லாவற்றையும்விட மோசம், துருவுக்கு வெதுவெதுப்பும் ஈரமும் உப்பும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அடிப்பகுதியைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, கதவுகளைத் திறந்து வைத்து, கார்பெட்டை எடுத்து ஒரு கயிற்றில் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். அக்டோபரில், உப்பு லாரி கிளம்புவதற்கு முன்னால், பிளீனத்தில் ஒரு லிட்டர் ஊற்றும் அந்தச் சோதனையையும் கதவடி வெட்டுகளையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது.